விடுமுறைக் கணக்கு: இரண்டு கேம், ஒரு படம், இரண்டு கொமிக்ஸ்

தவணை விடுமுறை முடியப் போகிறது. லீவுக்கு என்ன செய்தீர்கள் என்று திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் கேட்பார்கள். வயல் வேலை, வீட்டுக்குப் பெயின்ட், கல்யாண வீடு என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருக்கும். எங்களிடம் இருப்பது இந்தப் பட்டியல்தான். கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ‘நாங்கள்’ யார் என்று சொல்லிவிட வேண்டும். மூன்று பேர். முப்பத்தைந்து வயது வாத்தியார் மாமா ஒருவர். ஏ.எல் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் மருமகன் ஒருவர், வயது பத்தொன்பது. ஒன்பதாம் தரத்தில் படிக்கும் மருமகள் ஒருவர். இருவரும் ராத்தாவின் பிள்ளைகள். மருமகன் கேம் கொண்டு வருவான். மருமகள் கொமிக்ஸ் தெரிவு செய்வாள். படம் மாமாவின் பொறுப்பு. இஷாவுக்குப் பிறகு ராத்தா வீட்டு மண்டபத்தில் ஒரு பழைய லெப்டொப்பைச் சுற்றி உட்காருவோம். எல்லோருக்கும் பிடித்தது மட்டும்தான் பட்டியலில் ஏறும் என்பது ஒப்பந்தம்.

நான்காவதாக ஒருவர் அடுப்படியில் இருந்தபடியே கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ராத்தாதான். “படிப்பிக்கிற நீயே புள்ளையளோட இருந்து கேம் வெளாடினா, நாளைக்கு ஊர்ப் புள்ளையளுக்கு என்னத்தடா சொல்லப் போறாய்?”

ராத்தா கேட்டதில் நியாயம் இருக்கிறது. காலையில் முதற் பாடத்திலேயே மேசையில் தலை வைத்துத் தூங்கும் பிள்ளைகளை வருடம் முழுக்கப் பார்க்கிறோம். என்ன மகன் என்று கேட்டால் “ஃப்ரீ ஃபயர் சேர்” என்று பக்கத்தில் இருப்பவன் காட்டிக் கொடுப்பான். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் உம்மாமார், போனை எப்படியாவது வாங்கி வைத்துவிடுங்கள் சேர் என்று கெஞ்சுகிறார்கள். அதனால் இந்த முறை ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தோம். முடித்துவிட்டு எழும்பும்போது, பக்கத்தில் இருக்கிற மனிதரை முன்னரை விடக் கொஞ்சம் கவனமாகப் பார்க்கிறோமா? நேரம் எதில்தான் போகாது, கிரிக்கெட்டிலும் போகிறது. போன நேரத்துக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கணக்கு.

1. பேப்பர்ஸ், ப்ளீஸ்

2013இல் லூகாஸ் போப் என்பவர் ஏறக்குறையத் தனி ஆளாகச் செய்த கேம். 2022இல் போனுக்கும் வந்துவிட்டது. துப்பாக்கிச் சண்டைக்கு ஆசைப்பட்டுத் திறப்பவர்கள் ஏமாந்து போவார்கள். 1982ஆம் ஆண்டு. ஆர்ஸ்டொட்ஸ்கா என்ற கற்பனை நாடு. உங்களுக்கு லொட்டரியில் ஓர் அரச வேலை கிடைக்கிறது, எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டுப் பரிசோதகர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை. இந்தப் பக்கம் மேசை, விதிப் புத்தகம், இரண்டு முத்திரைகள். பச்சை குத்தினால் உள்ளே, சிவப்புக் குத்தினால் வெளியே. அவ்வளவுதான் விளையாட்டு.

ஒவ்வொரு காலையும் விதி மாறும். நேற்றுப் போதுமாக இருந்த காகிதம் இன்று போதாது. எத்தனை பேரைப் பார்த்து முடிக்கிறீர்களோ அதற்கேற்பச் சம்பளம். ஒரு நாளில் இரண்டு பிழை விட்டால் எச்சரிக்கை. மூன்றாவதிலிருந்து காசு வெட்டு. வேலை முடிந்தால் வீட்டுக் கணக்கு திரையில் வரும். வாடகை, சாப்பாடு, குளிருக்கு வெப்பமூட்டும் செலவு. மனைவி, மகன், மாமியார், மாமா என்று நாலு பேர் உங்களை நம்பி இருக்கிறார்கள். காசு போதாவிட்டால் ஒருவர் பசியில், ஒருவர் குளிரில், ஒருவர் வருத்தத்தில்.

எங்களூர்ப் பக்கத்தில் முப்பது தாண்டிய எவருக்கும் அந்த வரிசையை விளக்கத் தேவையில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் அந்தப் பக்கத்தில் மறுபடி ஏறித்தான் வளர்ந்தோம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு கொஞ்சக் காலம் அது திரும்பி வந்தது. ஆனால் எப்போதும் நாங்கள் வரிசையில்தான் நின்றிருக்கிறோம். இந்தக் கேம் எங்களைத் தூக்கி மேசைக்குப் பின்னால் வைத்துவிட்டது.

ஒரு கட்டம் வருகிறது. ஒரு மனிதர் சரியான காகிதங்களோடு வந்து கடந்து போகிறார். போகும்போது, பின்னால் வருபவள் என் மனைவி, அவளிடம் கொஞ்சம் தயவாக இருங்கள் என்கிறார். மனைவி வருகிறாள். அவளிடம் நுழைவு அனுமதிப் பத்திரம் இல்லை. திருப்பி அனுப்பினால் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறாள்.

மருமகனின் கை சிவப்பு முத்திரைக்குப் போனது. மாமா தடுக்கப் பார்த்தார். “மாமா, இண்டைக்கு ஏலவே ரெண்டு பிழை போயிட்டு. இதையும் விட்டா காசு வெட்டுவானுகள். வீட்ட மகனுக்கு வருத்தம், மருந்து வாங்கணும்.” அவன் சொன்னதும் பொய்யில்லை. இருவரும் தர்க்கித்துக்கொண்டிருக்கும்போது மருமகள் மெதுவாகக் கேட்டாள்: “அப்ப அந்தப் புருசன் ஏன் திரும்பி வரல்ல?”

எங்கள் இருவருக்கும் பதில் இல்லை. அவர் உள்ளே போய்விட்டார். அவருடைய காகிதம் சரி. அவர் கடமை தயவு கேட்பதோடு முடிந்துவிட்டது. மற்ற எல்லாப் பாரமும் மேசையில் இருக்கும் ஒரு சின்ன உத்தியோகத்தனின் தலையில்.

எங்களை வரிசையில் நிற்க வைத்தவர்களுக்கு இது வக்காலத்து அல்ல. கெட்ட மனம் இல்லாத ஒரு மனிதன் எப்படி ஒரு நாளில் பத்துப் பேரைக் கலங்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறான் என்பது முதற் தடவையாக விளங்கியது. அவன் முன்னால் முகம் இல்லை, காகிதம்தான் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் இருப்பவர்களில் வாத்தியார்மாரும் அடங்குவார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

சிரிக்கவும் இடமுண்டு. ஜோர்ஜி என்று ஒரு கிழவர் அடிக்கடி வருவார். ஒரு நாள் கடவுச்சீட்டே இல்லாமல் வருவார். அடுத்த முறை, உலகத்தில் இல்லாத ‘கோப்ராஸ்தான்’ என்ற நாட்டின் கடவுச்சீட்டைக் கையாலேயே வரைந்து கொண்டு வருவார். திருப்பி அனுப்பினால் கோபமே இல்லாமல் போவார். எங்கள் வீட்டில் இப்போது அவர்தான் பெரிய ஹீரோ.

2. திஸ் வோர் ஒஃப் மைன்

இது பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கேம். ஆகவே மருமகள் தூங்கிய பிறகு மாமாவும் மருமகனும் மட்டும். ஒப்பந்தத்தில் இதற்கு மட்டும் விதிவிலக்கு.

போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்டது. யுத்தத்தைப் பற்றிய கேம்களில் நாங்கள் வழக்கமாகச் சிப்பாயாக இருப்போம். இதில் சிப்பாய்கள் வெளியே இருக்கிறார்கள். நாங்கள் முற்றுகைக்குள் அகப்பட்ட ஓர் இடிந்த வீட்டில் இருக்கும் சாதாரண ஆட்கள். உதைபந்தாட்டக்காரர் பாவ்லே, சமையற்காரர் புரூனோ, பத்திரிகைக்காரி காத்யா. பகலில் வெளியே போக ஏலாது, குறிபார்த்துச் சுடுவார்கள். கட்டில் செய்ய வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், மழைத் தண்ணீர் பிடிக்க வேண்டும். இரவில் ஒருவர் மட்டும் வெளியே போய்க் கிடைத்ததைப் பொறுக்கி வருவார். யுத்தம் எப்போது முடியும் என்று யாரும் சொல்வதில்லை.

பொஸ்னியாவின் சரயேவோ முற்றுகையைப் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள். 1992 ஏப்ரலில் தொடங்கி 1996 பெப்ரவரி வரை, 1,425 நாட்கள் அந்த நகரம் அடைபட்டுக் கிடந்தது. வாத்தியார்மாருக்கு இன்னொரு தகவல்: 2020 ஜூனில் போலந்தின் அப்போதைய பிரதமர், இந்தக் கேமைப் பாடசாலைகளின் பரிந்துரை வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தார். புத்தகங்களின் வரிசையில் ஒரு கேம்!

ஓர் இரவு பாவ்லேயை அனுப்பினோம். போன வீட்டில் ஒரு வயோதிகத் தம்பதி. கையில் ஆயுதம் இல்லை, தடுக்கவும் மாட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியில் சாப்பாடு, அலுமாரியில் மருந்து. எங்கள் வீட்டில் புரூனோ இரண்டு நாள் பட்டினி. எடுக்கலாமா? திரையை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்.

பின்னால் ராத்தா நின்றது தெரியாது. தேநீர் கொண்டு வந்திருக்கிறார். இது என்ன என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தவர், நின்றபடியே பேசத் தொடங்கினார்.

“தொண்ணூறில ஊரடங்கு போட்ட நேரம் உம்மா அரிசியச் சுண்டால அளந்துதான் போடுவா. அடுப்பு மூட்டினாப் பொக தெரியும் எண்டு பயம். வாப்பா எங்க எண்டே தெரியாது. நீ கைக்குழந்த, பாலுக்கு அழுவாய். எங்களக் காப்பாத்த பெரிய ஆக்கள் ஆரும் வரல்ல. முன்வீட்டு மூத்தம்மாதான் வேலிக்குள்ளால அரைச் சுண்டு அரிசி தந்தா. அவக்கிட்டயும் அதுக்கு மேல இருந்திருக்காது.”

முப்பத்தைந்து வருடமாக இந்தக் கதை எங்களுக்குச் சொல்லப்படவில்லை. வாப்பா நாலாம் நாள் வந்து சேர்ந்தார் என்பதும், அந்த மூத்தம்மாவின் பெயரும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மருமகனுக்கு அவனுடைய உம்மா பத்து வயதுப் பிள்ளையாக இருந்த ஒரு வருடம் அன்றைக்குத்தான் கிடைத்தது. பாவ்லே அந்த வீட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பினான். புரூனோ இன்னும் ஒரு நாள் பட்டினி கிடந்தார்.

எங்கள் பட்டியலில் இந்தக் கேமுக்குத்தான் முதலிடம். இருட்டானது, மெதுவானது, சில இடங்களில் சலிப்பூட்டும். ஆனால் ராத்தாவை உட்கார வைத்துக் கதை சொல்ல வைத்தது வேறெதுவும் இல்லை.

3. சுப்பர்மேன்

2025 ஜூலையில் வந்த ஜேம்ஸ் கன்னின் படம். டேவிட் கொரன்ஸ்வெட் சுப்பர்மேனாக வருகிறார். குறையை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆட்கள் கூடிப் போய்விட்டார்கள். நாய், ரோபோ, இன்னொரு ஹீரோக் கூட்டம், இன்னொரு பிரபஞ்சம் என்று கல்யாண வீட்டுப் பந்தியாக இருக்கிறது. யார் எதற்கு வந்தார் என்று பிடிக்கவே பாதிப் படம் போய்விடும்.

ஆனால் மூன்று இடங்கள் எங்களுக்குப் பிடித்தன. மருமகளுக்கு அணில். பெரிய பூதம் நகரத்தை நசுக்கிக்கொண்டு வரும்போது சுப்பர்மேன் ஓர் அணிலைத் தூக்கிக் காப்பாற்றி விடுகிறான். இது தேவையா என்று சிரித்தவர்கள் உண்டு. ஓர் அணிலுக்கு நேரம் இல்லாதவன் எங்களுக்கு எப்படி நேரம் ஒதுக்குவான் என்பது அவளுடைய வாதம்.

மாமாவுக்கு அந்தப் பேட்டி. பொராவியா என்ற பலமான நாடு ஜர்ஹன்பூர் என்ற ஏழை நாட்டுக்குள் படையோடு நுழையும்போது சுப்பர்மேன் போய்த் தடுத்துவிட்டான். யாரைக் கேட்டுத் தடுத்தாய் என்று லோயிஸ் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறாள். அவனிடம் அரசியல் பதில் இல்லை. ஆட்கள் சாகப் போகிறார்கள், அதனால் போனேன், அவ்வளவுதான். நாடுகளின் பெயர் கற்பனைதான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் பொல்லும் மண்வெட்டியுமாக நிற்கும் சனங்களையும், இந்தப் பக்கம் தாங்கிகளையும் பார்த்தபோது, உலகத்தில் பலரைப் போல எங்களுக்கும் காஸா நினைவுக்கு வந்தது. மண்டபத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

மூன்றாவது, ஃபலாஃபல் விற்கும் மனிதர். சுப்பர்மேன் விழுந்து கிடக்கும்போது ஓடி வந்து கைகொடுத்து எழுப்புகிறார். அதற்காகவே லெக்ஸ் லூதர் அவரைப் பிடித்து வந்து, சுப்பர்மேனின் கண் முன்னாலேயே சுட்டுக் கொல்கிறான். படத்தில் அவருக்குப் பெயர் இருக்கிறது: மாலிக் அலி. ஹொலிவூட் படத்தில் இப்படிப் பெயர் உள்ள ஒருவர் வந்தால் அவர் கையில் என்ன இருக்கும் என்று எங்களுக்குப் பழகிப் போயிருந்தது. இவர் கையில் சாப்பாடு இருந்தது.

மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை. “ஹீரோ அழணும் எண்டுதானே அவரக் கொண்டானுகள். நம்மட ஆள் நல்லவனா வந்தாலும் அரை மணித்தியாலத்தில மௌத்து.” அதுவும் உண்மைதான். இரண்டையும் எழுதி வைக்கிறோம்.

4. மிஸ் மார்வெல்

மருமகளின் தெரிவு. படத்தை அல்ல, கொமிக்ஸை. 2014 பெப்ரவரியில் தொடங்கியது. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், இஸ்லாத்தை ஏற்ற அமெரிக்கப் பெண். வரைந்தவர் அட்ரியன் அல்போனா. முதல் தொகுதிக்கு 2015இல் ஹியூகோ விருது கிடைத்தது. கமலா கான், வயது பதினாறு, ஜேர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளை.

எங்கள் ஆட்களில் சிலருக்கு இந்தப் பிள்ளை பிடிக்காது. இரவில் பெற்றோருக்குத் தெரியாமல் வெளியே போகிறாள். முதல் பக்கத்திலேயே கடையில் நின்று பன்றியிறைச்சி சாண்ட்விச்சை மோந்து பார்க்கிறாள், சாப்பிடவில்லை. மருமகள் அந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினாறு வயதுப் பிள்ளையை மலக்காக வரைந்திருந்தால் எந்தப் பிள்ளையும் அதை இரண்டாம் தரம் புரட்டாது.

கதையின் உயிர் இங்கேதான்: சக்தி கிடைத்ததும் கமலா முதலில் எடுக்கும் உருவம் தன்னுடையதல்ல. பொன்னிற முடியும் வெள்ளைத் தோலும் கொண்ட பழைய மார்வெல் வீராங்கனையின் உருவம். அந்த உருவத்தில் நின்று ஓர் உயிரைக் காப்பாற்றியும் விடுகிறாள். ஆனால் அந்த உடுப்பு அவளுக்குச் சரிவரவில்லை, கடிக்கிறது. பிறகு தன் புர்கினியை வெட்டித் தைத்துத் தனக்கான உடுப்பைச் செய்துகொள்கிறாள். இதை விளக்கிச் சொல்ல மருமகளுக்கு மாமா தேவைப்படவில்லை.

வாத்தியாருக்குப் பிடித்தது ஒரு சின்ன இடம். மகளின் போக்கு விளங்காமல் பெற்றோர் அவளைப் பள்ளிவாசல் ஷேக்கிடம் அனுப்புகிறார்கள். கிடைக்கப் போகும் ஏச்சை எதிர்பார்த்துத்தான் அவளும் போகிறாள், நாங்களும் பக்கத்தைப் புரட்டினோம். அவர் ஏசவில்லை. நீ எனக்குச் சொல்ல விரும்பாத அந்தக் காரியத்தைச் செய்யத்தான் போகிறாய் என்றால், நல்ல குணங்களோடு செய், உனக்கு ஒரு நல்ல ஆசானைத் தேடிக்கொள் என்ற கருத்தில் பேசி அனுப்புகிறார். பிள்ளையின் இரகசியத்தைப் பிடுங்காமல் பிள்ளைக்கு வழி சொல்ல முடியும் என்பது பயிற்சிப் புத்தகங்களில் ஓர் அத்தியாயம் பிடிக்கும் விசயம். இங்கே இரண்டு பக்கத்தில் முடிகிறது.

2022இல் வந்த தொடரையும் பார்த்தோம். இமான் வெல்லானி அருமையாக நடித்திருக்கிறார். ஆனால் கமலாவின் சக்தியை ஒரு காப்புக்குள்ளும் வெளிச்சத்துக்குள்ளும் மாற்றிவிட்டார்கள். கொமிக்ஸில் மாறுவது அவளுடைய உடம்பு. அந்த வயதுப் பிள்ளைக்குப் பெரிய பிரச்சினையே அதுதானே.

5. ஸ்பைடர்மேனைச் சேகரித்த பிள்ளை

கடைசியாக 1984 ஜனவரி இதழில் வந்த பதினொரு பக்கக் கதை. அமேசிங் ஸ்பைடர்மேன் 248. எழுதியவர் ரொஜர் ஸ்டேர்ன், வரைந்தவர் ரொன் ஃப்ரென்ஸ். இதில் வில்லன் இல்லை. ஒரு குத்துக்கூட விழாது.

டிம் என்ற சின்னப் பையன் ஸ்பைடர்மேன் பற்றிய பத்திரிகைத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறான். ஓர் இரவு ஸ்பைடர்மேனே ஜன்னலால் வருகிறான். இருவரும் கதைக்கிறார்கள். பையன் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறான். கடைசியில், யாருக்கும் காட்டாத முகத்தை முகமூடி கழற்றிக் காட்டுகிறான். கட்டிப்பிடித்துவிட்டு வெளியேறும்போதுதான் அது ஒரு புற்றுநோய் மருத்துவமனை என்று எங்களுக்குத் தெரிகிறது. பையனுக்கு இன்னும் சில வாரங்கள்தான்.

மருமகள் கேட்டாள்: அவ்வளவு சக்தி இருந்தும் ஒண்டும் செய்ய ஏலாதா? ஏலாது மகள். ஆனால் அவன் போனான், பக்கத்தில் உட்கார்ந்தான். அதற்குச் சக்தி தேவைப்படவில்லை, நேரம்தான் தேவைப்பட்டது.

இப்படிப் பார்த்தால் எங்கள் பட்டியல் முழுக்க ஒரே ஆட்கள்தான். முத்திரை குத்தும் உத்தியோகத்தன், பொறுக்கித் தின்னும் பாவ்லே, ஃபலாஃபல் விற்கும் மாலிக் அலி, பள்ளிவாசல் ஷேக், கட்டிலில் இருக்கும் பையன். பறக்கத் தெரிந்தவர்களை விடப் பறக்கத் தெரியாதவர்கள்தான் மனதில் நின்றார்கள். வேலிக்குள்ளால் அரிசி தந்த மூத்தம்மாவுக்கும் இந்த வரிசையில் இடமுண்டு.

போனைப் பிடுங்குவதால் மட்டும் பிள்ளைகளை மீட்க முடியும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. இரவு ஒரு மணிக்கு மேல் போன் கையில் இருக்கக் கூடாது என்பதில் உம்மாமாரோடுதான் நிற்கிறோம். ஆனால் பகலில் ஒரு தரமாவது பக்கத்தில் உட்கார்ந்து, இதில் நீ யார் மகன், உனக்கு முன்னால் நிற்பது யார் என்று கேட்டுப் பாருங்கள். கேட்க ஆளில்லாத பிள்ளைதான் திரைக்குள் போய்விடுகிறது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று ஆசிரியர் கலாசாலையில் படிப்பித்தார்கள். அடுத்த தவணை ஒன்பதாம் தரக் குடியுரிமைக் கல்விப் பாடத்தில் அதைச் செய்து பார்க்கப் போகிறோம். போனும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வகுப்பறை வாசலில் ஒரு மேசை. பிரிஸ்டல் போர்டில் வெட்டிய கடவுச்சீட்டுகள். கரும்பலகையில் அன்றைய விதிகள். ஒரு பிள்ளை பரிசோதகர், மற்றவர்கள் வரிசை. பாதியில் ஆளை மாற்றுவோம், எல்லோரும் இரண்டு பக்கமும் இருந்து பார்க்க வேண்டும். பிறகு வாய்திறந்து பேச வேண்டும்.

மருமகன் நேற்றிரவு முழுக்க இருந்து முப்பத்தெட்டுக் கடவுச்சீட்டு வெட்டி முடித்துவிட்டான். முப்பத்தொன்பதாவதை மட்டும் எங்களுக்குக் காட்டாமல் தனியாக வரைந்து உள்ளே செருகியிருக்கிறான். எந்த நாட்டுடையது என்று கேட்கவே தேவையில்லை.